ஓடைக் கல் ஓடையிலேயே கிடக்கட்டும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டு, தூங்கி, நடுநடுவே சண்டையும் போட்டுக்கொண்டு குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. கையெழுத்து உன் தங்கையுடையதாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, வாசல் படியில் வழுக்கி என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், எழுத்தில் கோணல் இருந்தால் அது அவளைச் சேர்ந்தது, விஷயத்தில் கோணல் இருந்தால் என்னைச் சேர்ந்தது. உன் அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, ரொட்டிக்கடையில் அடுப்பை மாற்றிவிட்டார்களாம், புகை இல்லை, ஆனால் விடிந்ததும் வந்து தலையில் மாவோடு அப்படியே படுத்துவிடுகிறார், தலையணை உறையைத் துவைத்துத் துவைத்து இப்போது அதையும் ஒற்றைக் கையால் துவைக்கப் பழகிவிட்டேன். உன் மாமாவின் விடுதி நன்றாக ஓடுகிறது, மாடி அறைகளுக்கெல்லாம் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார், சனி ஞாயிறு வந்தால் விருந்தாளிகளின் பூட்ஸ் நம் பின்பக்கத்து இரண்டு அறைக்கும் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வாரம் முழுக்கக் குழாயில் தண்ணீர் மண்ணாக வந்தது, இப்போது சரியாகிவிட்டது. உன் தங்கை கணக்கில் தேறிவிட்டாள், வாய்த்துடுக்கிலும் தேறிவிட்டாள், இதை எழுதும்போதே முகத்தைச் சுளிக்கிறாள்.

போன கடிதத்தில் அலுவலகத்துப் பெண்களோடு விடுமுறையில் மலையேறப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகப் போ, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் ஏது, உன்னை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறியவளே நான்தான். ஆனால் நீ போகிற மலை உனக்குப் பழகாதது. புது பூட்ஸ் வாங்கியிருக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதை அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் போடாதே, ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நட, கீழ்வீட்டுக்காரர் திட்டினால் திட்டட்டும், கொப்புளம் அவர் காலில் வரப்போவதில்லை. எங்கே போகிறீர்கள், எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று மலைக்கு வராத ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ, கூட வருகிறவர்களிடம் சொல்வது சொன்னதில் சேராது, காணாமல் போனால் எல்லோரும் சேர்ந்துதான் காணாமல் போவீர்கள். உங்களில் யார் மெதுவாக நடக்கிறாளோ அவளை முன்னால் விடுங்கள், அவளைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் போய் உட்கார்ந்து சிரிப்பவர்களோடு நீ சேராதே. பாதித் தண்ணீர் தீர்ந்துவிட்டால் உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் திரும்பிவிடு, உச்சி எங்கேயும் ஓடிப்போகாது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடக்காதே, மேலேயிருந்து கல் உருண்டால் சத்தம் கேட்காது. மேய்ச்சல் நிலத்து வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடு, மூடியிருந்தால் திரும்ப மூடிவிட்டுப் போ, அது மாட்டுக்காரர் யோசித்து வைத்தது, நீ யோசிக்க வேண்டாம். கன்றோடு நிற்கும் மாட்டைச் சுற்றிக்கொண்டு போ. பூவைப் பறிக்காதே, தீ மூட்டாதே. பழத்தோல்தானே, மக்கிவிடும் என்பார்கள், அவரவர் சமையலறை மூலையில் அதை மக்க விடுவார்களா, பையில் கட்டித் திரும்ப எடுத்துக்கொண்டு வா. பனி இறங்கி வழி மறைந்துவிட்டால் மட்டும் கற்குவியலைப் பார்த்துத்

அக்கா, அந்தக் கடைசி வரி பாதியில் நின்று, அதன்மேல் கோடு போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். அதுவரைக்கும்தான் அம்மா சொல்லி நான் எழுதினேன், அதற்குமேல் அவளால் முடியவில்லை, அதை அடிச்சிடு, மத்ததை நாளைக்குச் சொல்றேன் என்று எழுந்து போய்விட்டாள், நாளை என்றது இரண்டு நாள் ஆகியும் வரவில்லை. இனிமேல் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், தலைக்கு மேல் மாமாவின் செருப்புச் சத்தம் நடந்துகொண்டே இருக்கிறது, அது நிற்கும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் நீ மலைக்குப் போவதற்குள் அந்த அடித்த வரி உனக்குத் தெரிந்தாக வேண்டும். முதலில் ஒன்று, அம்மா வாசல் படியில் வழுக்கவில்லை. அப்படித்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று சொன்னாள், நானும் எழுதிவிட்டேன்.

நம் மலையில் மேலே மரம் இல்லாத வெட்டவெளிப் பாறையில் கால்தடம் பதியாது, அதனால் வழி தெரிய அம்மா முழங்கால் உயரத்துக்குக் கல் குவித்து வைத்திருக்கிறாள் அல்லவா, அடி அகலமாக, காற்றுக்கும் மாட்டுக்கும் அசையாமல். ஒரு குவியலில் நின்றால் அடுத்தது தெரியும், தெரிந்த பிறகுதான் இதைவிட்டு நகர வேண்டும், தெரியாவிட்டால் அங்கேயே உட்கார வேண்டும். கூட வருகிறவர்கள் எல்லோரையும் இதைத் திரும்பச் சொல்லவைத்துவிட்டுத்தான் அம்மா கூட்டிப்போவாள், உன்னையும் என்னையும் எத்தனை தடவை சொல்லவைத்திருக்கிறாள். நீ போன பிறகு மாமா ஒரு வேலை செய்தார். விருந்தாளிகள் போட்டோ எடுத்துக்கொள்ள ஒன்றின்மேல் ஒன்றாக உருண்டைக் கல்லை அடுக்கி ஒல்லியாகக் கோபுரம் கட்டுவது இப்போது பெரிய மோகம், ஒருவர் கட்டினால் அடுத்தவருக்கும் கை சும்மா இருக்காது. மாமா ஓடையிலிருந்து சாக்குச் சாக்காகக் கல்லைத் தூக்கவைத்து மேற்குச் சரிவில், பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, வரிசையாகக் கோபுரம் கட்டவைத்துவிட்டார், விடுதியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் அதைப் பெரிய படமாகவும் மாட்டிவிட்டார். அம்மா அன்றைக்கே சொன்னாள், அண்ணே, வழி காட்டுற கல்லுக்குப் பக்கத்துல விளையாட்டுக் கல்லு வேணாம், பனியில ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும் என்று. மாமா சிரித்துவிட்டு, உன் கல்லு அகலம், என் கல்லு அழகு, வித்தியாசம் தெரியாதவன் மலைக்கு எதுக்கு வரணும் என்றார். ஓடையில் கல் போன இடமெல்லாம் சேறாகிவிட்டது, போன வருஷம் அங்கே இருந்த சின்னத் தவளைகள் இந்த வருஷம் கத்தவே இல்லை, அதைச் சொன்னபோது மாமா, தவளை வந்து ரூம் எடுக்குதா என்று கேட்டார்.

கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்வாரே, லீவு நாளில் குடையோடு மலைக்கு வருவாரே, கடிகாரக்காரர், அவர் போன மாதம் தனியாக மேலே போனார். போகும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார், அந்த ஒன்றினால்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார். மதியத்துக்குப் பிறகு பனி இறங்கிவிட்டது. அவர் அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒரு குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார், கொஞ்ச நேரத்தில் அடுத்தது மங்கலாகத் தெரிந்திருக்கிறது, போயிருக்கிறார், பிறகு அதற்கடுத்தது, பிறகு அதற்கடுத்தது. அவர் பார்த்ததெல்லாம் மாமாவின் கோபுரங்கள். அந்த விதியை மதிக்காமல் வேறு யாராவது போயிருந்தால் வழக்கமான கால் பழக்கத்தில் தப்பித்திருப்பார்கள், அவர் ஒரு சொல் பிசகாமல் அம்மா சொன்னபடி செய்தார், அதனால்தான் கடைசிக் கோபுரத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு நடந்து, அதற்கு முன்னால் இருந்த விளிம்பு தெரியாமல் பள்ளத்தில் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு அவர் இறங்கி வராததால் அம்மா தேடிப் போனாள், அவர் ஊதிய விசில் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, அவருக்குப் போர்வை போர்த்த இறங்கியபோதுதான் மணிக்கட்டு போனது. பிறகு தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இரண்டு பேரையும் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன், கடையில எல்லாக் கடிகாரமும் ஓடுதும்மா, நான் மட்டும்தான் நின்னுட்டேன் என்று சொல்லிச் சிரித்தார், சிரித்ததும் வலித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா ஊர் முழுக்க என்ன சொன்னார் தெரியுமா, என் தங்கச்சி வச்ச கல்லு சரியில்ல, பாவம் பெரியவரு அதை நம்பிப் போயிட்டாரு, இனிமே யாரையும் கூட்டிட்டுப் போறது நான்தான் என்று. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டதற்கு, கல்லை நம்புங்கன்னு சொன்னது நான்தானே என்றாள். தான் சொல்லிக்கொடுத்த பாடத்தாலேயே ஒரு மனிதர் விழுந்துவிட்டார் என்பது அவளைத் தின்கிறது, இரண்டு அறையும் மாமாவுடையது என்பது இன்னொரு பக்கம். அவள் பேசாமல் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை அக்கா. அவள் மலைக்குப் போகாத இந்த நாட்களில் வீட்டில் எந்தப் பாத்திரத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரிவதில்லை, பின் ஜன்னலைத் திறப்பதே இல்லை, திறந்தால் மலை தெரியும். நான் அவளிடம், மாமாகிட்ட நீ கேளு, இல்லாட்டி நான் கேப்பேன் என்றேன், அதற்கு அவள் என் தலையில் லேசாகத் தட்டி, நீ கணக்கைப் போடு என்றாள்.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வகுப்பு முழுவதும் மலைக்குப் போனது. விளையாட்டு டீச்சர் ஏற்பாடு செய்தார், கூட்டிப்போனது மாமா, கையில் மஞ்சள் கொடி, கழுத்தில் விசில், ஏதோ மலையே அவர் வளர்த்த பிள்ளை மாதிரி. அம்மாவின் குவியல் வந்தபோது, இது பழசு, நிக்காம வாங்க என்று தாண்டிக் கூட்டிப்போனார். மேற்குச் சரிவுக்குப் போனதும், ஆளுக்கொரு கோபுரம் கட்டுங்க, போட்டோ எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் ஓடைக்கு ஓடினார்கள். என் வகுப்பில் ஒருத்தி நல்ல உயரம், எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவோம், அவள் தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு கல்லைப் புரட்டித் தூக்கினாள், கல்லின் அடியில் கண்ணாடி மணி மாதிரி முட்டைகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன, அவள் ஐயே என்று பாவாடையில் துடைத்துவிட்டாள். கீழே பள்ளத்தாக்கில் பனி எழும்பத் தொடங்கியிருந்தது. டீச்சர் மாமாவிடம் திரும்பிவிடலாமா என்று கேட்டார், அதற்கு அவர், அரை மணி நேரத்துல கலைஞ்சிடும், எனக்குத் தெரியாத பனியா என்றார்.  கடிகாரக்காரர் விழுந்த பள்ளம் அங்கேயிருந்து கூப்பிடு தூரம், முப்பது பெண்கள் தங்கள் கோபுரத்தைக் கட்டத் தொடங்குமுன்பே மாமாவின் கோபுரங்களுக்குப் பக்கத்தில், பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கிறார்கள், நாளைக்கு வேறு யாரோ அதே கல்லைப் பார்த்துப் பனியில் நடந்து வருவார்கள்.

நான் மாமாவின் முதல் கோபுரத்தைக் காலால் தள்ளினேன். சத்தம் பெரிதாகக் கேட்டது, அதற்கே பயந்துவிட்டேன், ஆனால் இரண்டாவதுக்குப் போகும்போது பயம் கொஞ்சம் பின்தங்கிவிட்டது. ஒட்டகம் சத்தமாக, மலைக்கு மாமியாரா நீ, எதைப் பாத்தாலும் குத்தம் சொல்றே என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். மாமா ஓடி வந்து கையைப் பிடித்தார், என்ன திமிரு, உங்க அம்மா சொல்லிக்குடுத்தாளா என்றார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன், “அம்மா வச்ச கல்லு சரியாத்தான் இருக்கு மாமா. கடிகாரக்காரர் விழுந்தது உங்க கல்லைப் பாத்து.” கை அவர் பிடியில்தான் இருந்தது, காலுக்கு எட்டிய மூன்றாவதையும் அப்படியே தள்ளினேன். அவர் கையை விட்டுவிட்டார், ஏன் விட்டார் என்று தெரியவில்லை, டீச்சர் பார்த்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம். மிச்சத்தையும் தள்ளினேன், யாரும் தடுக்கவில்லை. தள்ளிய கல்லை என்னால் முடிந்தவரை மடியில் கட்டி ஓடையில் கொண்டுபோய்ப் போட்டேன், எறியாமல் மெதுவாக வைத்தேன்.

இந்த இடத்தில் பனி அடர்ந்து வந்து நான் சொன்னது சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அப்படி நடக்கவில்லை. மாமா சொன்னபடியே பனி கலைந்துவிட்டது. பளிச்சென்று வெயில் அடித்தது, பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது, மாமா இரண்டு கையையும் விரித்து, பாத்தீங்களா டீச்சர் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. டீச்சர் மட்டும், நீ சொன்ன அந்தப் பெரியவர் எந்த ஆஸ்பத்திரியில இருக்கார் என்று கேட்டார், சொன்னேன், அவர் முன்னால் போய்விட்டார். கலைந்தால் என்ன அக்கா, இன்றைக்குக் கலைந்தது, அன்றைக்குக் கலையவில்லை, என்றைக்குக் கலையும் என்று கல்லுக்குத் தெரியுமா. நான் தப்பு செய்யவில்லை. வெயில் அடித்ததால் நான் சொன்னது பொய்யாகிவிடாது.

சாயங்காலம் மாமா நம் அறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமல், அம்மாவிடம் சொன்னார், நாளை காலை விருந்தாளிகள் முன்னால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், மேலே போய் ஒவ்வொரு கோபுரத்தையும் என் கையாலேயே திரும்பக் கட்ட வேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் இரண்டு அறையையும் காலி செய்துவிட வேண்டும். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், இது உங்க அண்ணன் தங்கச்சி சமாச்சாரம், நான் மாவு பிசையறவன், எனக்கு மலையும் தெரியாது மண்ணும் தெரியாது என்று வழக்கம்போலச் சொன்னார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, கடைக்கு மாடியில மூட்டை அடுக்குற ரூம் ஒண்ணு இருக்கு, முதலாளிகிட்டக் கேட்டுப் பாக்கறேன், வெக்கையா இருக்கும், பரவால்லையா என்று என்னைப் பார்த்துக் கேட்டார், அம்மாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒற்றைக் கையால் பாத்திரம் தேய்த்தாள், நான் கழுவிக் கவிழ்த்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், நாளைக்கு மன்னிப்புக் கேள் என்று சொன்னால் முடியாது என்று சொல்ல வார்த்தையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன், நீ அடித்தாலும் கேட்க மாட்டேன், பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினாலும் கேட்க மாட்டேன் என்று. அவள் கடைசித் தட்டை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, எத்தனை தள்ளினே என்று கேட்டாள். ஏழு என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள், மனசுக்குள் அந்தச் சரிவு முழுவதும் நடந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு சொன்னாள், “எட்டு இருக்கும். பாறைக்கு மறைவுல ஒண்ணு, நீ பாத்திருக்க மாட்டே. நாளைக்கு நானும் வரேன்.” தட்டைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள், இப்போது நன்றாகத் தூங்குகிறாள், இத்தனை நாளில் இன்றைக்குத்தான் குறட்டை கேட்கிறது.

ஆகவே அக்கா, அம்மா அடிக்கச் சொன்ன வரியை நான் முடிக்கிறேன். பனி இறங்கினால் கற்குவியலைப் பார்த்து நட, ஆனால் அடி அகலமாக, பார்க்க அழகில்லாமல் இருக்கிறதா என்று முதலில் பார், ஒல்லியாக அழகாக ஒன்று நின்றால் அதை நம்பாதே, சந்தேகம் வந்தால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடு, வெட்கப்படாதே. நீயும் ஒன்றும் கட்டாதே, உன் தோழிகள் கட்டினால் சொல்லிப் பார், கேட்காவிட்டால் அவர்கள் போட்டோ எடுத்து முடிக்கும்வரை காத்திருந்து கலைத்துவிடு, மாமியார் என்று சொன்னால் சொல்லட்டும். அம்மா வாழ்த்துச் சொல்லி முடிக்கவில்லை, அதனால் அவள் சார்பில் நானே எழுதுகிறேன், போகிற வழி உனக்கு நல்ல வழியாக இருக்கட்டும், போன கால் அப்படியே திரும்பி வரட்டும், அவள் உன்னை நினைக்காத வேளை கிடையாது. வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. மாமாவுக்குச் சமாதானமாக எதுவும் எழுதாதே, எனக்காக நீ மன்னிப்புக் கேட்டாய் என்று தெரிந்தால் உன்னோடும் பேச மாட்டேன். பதிலை இந்த விலாசத்துக்குப் போடாதே, ரொட்டிக்கடை விலாசத்துக்குப் போடு, நாங்கள் அங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
பாதி வரைக்கும் அம்மா,
மீதிக்கு அவளுக்குத் தெரியாமல் உன் தங்கை